அறியாமை எவர் குற்றம்?

மதரஸாவில் பிக்ஹு ஓதத் தொடங்கும் மாணவனுக்கு நாம் முதன்முதலாகத் திறந்து வைக்கும் பாடம் தஹாரத் என்னும் தூய்மைப் பாடம். தண்ணீரின் வகைகள், உளூ, குளிப்பு, மாதவிலக்கு, பேறுகால உதிரம் என்று அது விரிந்து செல்லும். மீசை அரும்பாத பிள்ளைகள் சம்மணமிட்டமர்ந்து அப்பாடத்தை ஓதுகிறார்கள். அவர்கள் கூசுவதில்லை; சொல்லிக் கொடுக்கும் நாமும் கூசுவதில்லை. மார்க்கம் மனித உடலைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசுகிறது, பேசவும் கட்டளையிடுகிறது என்று பெருமையோடு கூறிக்கொள்கிறோம். ஆனால் கிதாபை மூடி வைத்து மதரஸாப் படியிறங்கித் தெருவுக்கு வந்ததும் நம் நா கட்டுண்டு போகிறது. உடலைத் தாக்கும் ஒரு நோயைப் பற்றி, அது எவ்வாறு பரவும், எவ்வாறு பரவாது என்று நான்கு சொற்கள் சொல்ல நமக்கு வெட்கம் வந்துவிடுகிறது. இந்த வெட்கம் ஈமானின் கிளையாகிய ஹயாவைச் சேர்ந்ததா, அன்றி வேறொன்றா என்னும் கேள்வி சில ஆண்டுகளாக நம்மை உறுத்தி வருகிறது. அதற்குக் காரணமாக அமைந்த நிகழ்ச்சி நமக்குப் பெருமை தருவதன்று. எனினும் அதை மறைத்து இக்கட்டுரையை எழுதுவது முறையாகாது.

ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து கோட்டாற்றில் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். பக்கத்துத் தெருவிலிருந்து நமக்கு நன்கு பழக்கமான ஒருவர் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஆலிம்சா, ஒரு மஸ்அலா கேக்கணும்" என்றார். அவர் வீட்டில் பாத்திரம் துலக்கித் துணி துவைக்க ஒரு பெண் வந்து கொண்டிருந்தார். இலங்கையிலிருந்து அகதியாக வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். ஊருக்கு வெளியே உள்ள முகாமிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து போகிறவர். அவருடைய பையில் 'அந்த நோய்' பற்றிய காகிதங்கள் இருந்ததை வீட்டார் பார்த்துவிட்டார்களாம். அவருக்கு அந்த நோய் இருக்குமோ என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. "அவ கழுவுன பாத்திரத்துல சாப்பிடலாமா, ஆலிம்சா? ஏழு தடவை கழுவணுமா?" என்று அவர் கேட்டார்.

கேட்டவர் கெட்டவரல்லர். அச்சம் அவரை அவ்வாறு கேட்க வைத்தது. நாம் என்ன விடையளித்திருக்க வேண்டும்? "இது நமக்குத் தெரியாத துறை, அறிந்த ஒரு மருத்துவரைக் கேட்டுச் சொல்கிறோம்" என்றிருக்க வேண்டும். ஆனால் முப்பது ஆண்டுகள் ஓதிக் கொடுத்த நாவுக்குத் 'தெரியாது' என்னும் சொல் எளிதில் வருவதில்லை. "ஐயமுள்ளதை விட்டு விலகுவதுதான் பேணுதல்" என்று பொதுவாகச் சொல்லி அனுப்பிவிட்டோம். மறுநாளே அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஒரு வீட்டில் நிறுத்தியதும் அத்தெருவில் அவர் வேலை செய்த மற்ற இரண்டு வீடுகளிலும் நிறுத்திவிட்டார்கள். காரணம் கேட்டவர்களுக்கெல்லாம், "ஆலிம்சாவே சொல்லிவிட்டார்" என்பது விடையாயிற்று.

ஏறத்தாழ எட்டு மாதங்களுக்குப் பின் நம் மகளின் பேறுகாலத்தை ஒட்டி அரசு மருத்துவமனை ஒன்றின் தாழ்வாரத்தில் காத்திருந்தபோது அந்தப் பெண்ணைக் கண்டோம். கர்ப்பிணியான ஓர் இளம்பெண்ணைச் சோதனைக்காக முகாமிலிருந்து அழைத்து வந்திருந்தார். நம்மை அடையாளம் கண்டு எழுந்து நின்று வணங்கினார். நமக்குத்தான் முகங்கொடுத்துப் பேச இயலவில்லை. பேச்சினூடே உண்மை தெரிந்தது. அவருக்கு எந்த நோயும் இல்லை. முகாமில் பெண்களுக்கு இந்நோயைப் பற்றி எடுத்துச் சொல்லப் பயிற்சி பெற்றவர்களுள் அவர் ஒருவர். பையில் இருந்தவை அதற்கான துண்டறிக்கைகள். பிறருக்கு அறிவு புகட்டுவதற்காக எடுத்துச் சென்ற காகிதமே அவருடைய பிழைப்பைப் பறித்துவிட்டது. நாம் வருத்தம் தெரிவித்தோம். அவர் கோபப்படவில்லை. சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அது போகட்டும் ஐயா. எங்களுக்கு முகாமுக்கு வந்து சொல்லித் தந்தவை. உங்கட சனத்துக்கு இதெல்லாம் ஆர் சொல்லிக் குடுக்கிறது?" என்று கேட்டார்.

அதற்கு நம்மிடம் விடை இல்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் காலத்து நிகழ்ச்சி ஒன்றை ஹதீஸ் பாடத்தில் பன்முறை நடத்தியிருக்கிறோம். பயணம் ஒன்றில் தோழர் ஒருவருக்குத் தலையில் காயம் பட்டது. அவருக்குக் குளிப்புக் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்துகொள்ளச் சலுகை உண்டா என்று உடனிருந்தோரைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் கூறிவிட்டனர். அவர் குளித்தார், இறந்தார். செய்தியறிந்த நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாக வருந்தி, அவரைக் கொன்றவர்கள் அந்த விடையைக் கூறியவர்களே என்னும் பொருள்படக் கண்டித்தார்கள். அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்றும் உணர்த்தினார்கள். எத்தனையோ முறை ஓதிக் கொடுத்த இந்த ஹதீஸ் அந்த வெள்ளிக்கிழமைத் திண்ணையில் நம் நினைவுக்கு வரவில்லை. மருத்துவம் சார்ந்த கேள்விக்கு மருத்துவம் அறியாமல் விடையிறுத்தவர்களின் வரிசையில் நாமும் சேர்ந்து நின்றோம்.

ஆகவே முதலில் அறிய வேண்டியதை அறிவோம். கேட்டறிந்ததை நேயர்கள் முன் வைக்கிறோம்.

எய்ட்ஸ் என்பது எச்.ஐ.வி. என்னும் நுண்கிருமி உடலின் எதிர்ப்பாற்றலைப் படிப்படியாக அழிப்பதால் வரும் முற்றிய நிலை. கிருமி உடலில் புகுந்து பல ஆண்டுகள் வரை வெளித்தோற்றத்தில் எந்த மாற்றமும் தெரியாதிருக்கலாம். ஆகவே முகத்தைப் பார்த்து எவரையும் நோயாளி என்றோ நோயற்றவர் என்றோ கூற இயலாது. இரத்தச் சோதனை ஒன்றே வழி. அது பரவும் வழிகள் சிலவே: கிருமியுள்ளவரோடு பாதுகாப்பற்ற உடலுறவு, கிருமியுள்ள இரத்தத்தை ஏற்றுதல், பயன்படுத்திய ஊசியை மீண்டும் பயன்படுத்துதல், தாயிடமிருந்து கருவிலோ மகப்பேற்றின்போதோ தாய்ப்பாலின் வழியாகவோ குழந்தைக்குச் செல்லுதல். கை குலுக்குவதாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே குவளையில் நீர் அருந்துவதாலோ, இருமலாலோ, கொசுக்கடியாலோ, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலோ அது பரவாது. பாத்திரம் துலக்குவதால் பரவவே பரவாது. ஏழு முறையன்று, தனியாக ஒரு முறைகூடக் கழுவத் தேவையில்லை.

இந்நோய்க்கு முற்றாக ஒழிக்கும் மருந்து இன்னும் பரவலான பயன்பாட்டுக்கு வரவில்லை. ஆனால் அடக்கி வைக்கும் கூட்டு மருந்து உண்டு. நம் நாட்டில் 2004 ஏப்ரல் முதல் அரசு மருத்துவமனைகளில் அது இலவசமாக வழங்கப்பட்டு வருகிறது. நாள்தோறும் தவறாமல் உட்கொள்பவர் ஏனையோரைப் போல நெடுநாள் வாழலாம். இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கிவிட்டால், உடலுறவின் வழியாக அது துணைக்குப் பரவுவதில்லை என்பதும் இன்று உறுதியாகியுள்ளது. தாய்க்குக் கிருமி இருந்து எந்த மருத்துவமும் செய்யாவிடின் குழந்தைக்கு அது செல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை. தக்க மருத்துவம் செய்தால் 5க்கும் கீழே குறைந்துவிடும். கர்ப்பிணிகளுக்கு இரத்தச் சோதனை செய்வது இதற்காகவே. நம் மாநிலத்து அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்ற பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். சோதனையும் ஆலோசனையும் அங்கே இலவசம். செய்தி இரகசியமாகக் காக்கப்படும்.

இனி, அகதிகள் நோயைக் கொண்டு வருகிறார்கள் என்னும் பேச்சுக்கு வருவோம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் அலையலையாக இலங்கைத் தமிழர்கள் இங்கே வந்தார்கள். 1990ஐ ஒட்டியும், 1996க்குப் பின்னும், 2006 முதல் போர் முடிந்த 2009 வரையிலும் மேலும் வந்தார்கள். நம் குமரி மாவட்டத்தில் பழவிளை, ஞாறான்விளை, கோழிவிளை, பெருமாள்புரம் ஆகிய இடங்களில் முகாம்கள் அமைந்தன. 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் வாழ்ந்தார்கள். அவ்வாண்டிலேயே அரசு அம்முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. அவர்கள் விட்டுவந்த இலங்கை, இந்நோய் மிகக் குறைவாகவே பரவியுள்ள நாடுகளில் ஒன்று. தாயிடமிருந்து குழந்தைக்கு இக்கிருமி செல்வதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019 டிசம்பரில் இலங்கையை அறிவித்தது. ஆகவே 'அவர்கள் கொண்டு வந்தார்கள்' என்னும் சொல்லுக்கு அடிப்படையே இல்லை. வறியவரும் வேற்றூராருமாகிய ஒருவர்மீது பழியைப் போடுவது எளிது. மறுத்துப் பேச அவருக்கு ஆளில்லை என்பதே அதன் காரணம்.

அகதி என்னும் சொல்லை நாம் அயலார்க்கு உரியதாக எண்ணிவிடலாகாது. மக்காவின் கொடுமை தாளாமல் கடல் கடந்து ஹபஷா நாட்டில் அடைக்கலம் புகுந்தவர்களே இஸ்லாத்தின் முதல் அகதிகள். நஜ்ஜாஷி மன்னர் கிறிஸ்தவராயிருந்தும் அவர்களைக் காத்தார். அவர்களுள் ஒருவரான உம்மு ஹபீபா (ரலி) அவர்கள் அந்நிய நாட்டில் கணவரை இழந்து, மகளோடு தனித்து நின்றார்கள். அந்த அகதிப் பெண்ணையே நாம் இன்று விசுவாசிகளின் அன்னை என்று போற்றுகிறோம். நம் காலத்திலும், 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். வட மாகாணம் முழுவதிலுமிருந்து துரத்தப்பட்டுப் புத்தளத்து ஓலைக் குடிசைகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். அங்கே நம் சகோதரிகளை நோக்கி எவரேனும், "இவள் கழுவிய பாத்திரத்தில் உண்ணலாமா?" என்று கேட்டிருந்தால் நம் நெஞ்சம் எவ்வாறு பதைத்திருக்கும்! அதே அளவுகோலைத்தான் பழவிளையிலிருந்து வரும் பெண்ணுக்கும் வைக்க வேண்டும்.

அறியாமை எவர் குற்றம் என்னும் கேள்விக்கு இப்போது திரும்புவோம். உசூல் கலையில் 'ஜஹ்ல்' என்னும் அறியாமையைப் பற்றி ஒரு நுட்பமான விளக்கம் உண்டு. ஒரே செயலை அறியாமல் விட்டுவிட்ட இருவருள் ஒருவருக்கு மன்னிப்பு உண்டு. மற்றவருக்கு இல்லை என்பார்கள் ஹனபி இமாம்கள். மார்க்கம் அறிந்தவர் எவருமே இல்லாத நாட்டில் இஸ்லாத்தைத் தழுவி அங்கேயே தங்கிவிட்ட ஒருவர், தொழுகை கடமை என்பதையே அறியாமல் சில காலம் கழித்தால், அவர்மீது அத்தொழுகைகளை மீட்டும் பொறுப்பு இல்லை. முஸ்லிம்களின் நடுவே வாழ்ந்துகொண்டு, "எனக்குத் தெரியாது" என்பவருக்கோ அந்தச் சலுகை இல்லை. ஏனெனில் கேட்டால் சொல்ல ஆட்கள் அங்கே இருந்தார்கள். அறிவு அவருக்கு எட்டும் தொலைவில் இருந்தது. அறியாமைக்கு மன்னிப்பு உண்டா இல்லையா என்பதை ஒருவரின் தலைக்குள் என்ன இருந்தது என்பது தீர்மானிப்பதில்லை. அறிவு அவர் கைக்கு எட்டும்படி இருந்ததா என்பதே தீர்மானிக்கிறது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்ப்போம். எவரும் வந்து சொல்லாத ஒரு முகாமில், நாட்டை இழந்து, ஏடுகளும் இழந்து வாழும் ஒரு பெண் இந்நோயைப் பற்றி அறியாதிருந்தால் அவருக்கு மன்னிப்பு உண்டு. அவருக்கு எட்டும்படி அதைக் கொண்டு செல்லாதவர்களே கேள்விக்குரியவர்கள். ஆனால் கோட்டாற்றில் இருக்கும் நமக்கு? ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் இருக்கின்றன. நம் பிள்ளைகளில் மருத்துவம் படித்தவர்கள் இருக்கிறார்கள். வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் நம் இளைஞர் ஒவ்வொருவரும் இந்தச் சோதனையைச் செய்துகொண்டே விமானம் ஏறுகிறார். நமக்கு எந்தச் சலுகையும் இல்லை. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ளோரில் இந்நோயைப் பற்றி முழுமையான அறிவுடைய பெண்கள் நூற்றுக்கு 22 பேர். ஆண்கள் 31 பேர். 2000களின் தொடக்கத்தில் தமிழகச் சுவரெங்கும் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று எழுதி வைத்தார்கள். ஊரே அதைப் படித்துச் சிரித்தது. சிரித்ததோடு நின்றுவிட்டவர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

ஒரு கடமையை ஊரில் சிலர் நிறைவேற்றினால் அனைவரும் பொறுப்பிலிருந்து விடுபடுவர். ஒருவருமே நிறைவேற்றாவிடின் அனைவரும் குற்றவாளிகள் ஆவர். இதையே பர்ளு கிபாயா என்கிறோம். ஜனாஸாத் தொழுகையை அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். இறந்தவருக்குச் செய்யும் கடமை அவ்வாறு எனில், உயிரோடிருப்பவரை இறவாமற் காக்கும் அறிவைச் சொல்வது அதனினும் தாழ்ந்ததாகுமா? அந்தப் பெண்ணின் கேள்வி இதுதான்: உங்கள் ஊரில் இந்தக் கிபாயாவை நிறைவேற்றியவர் யார்?

இங்கே மூன்று மறுப்புகள் எழும். அவற்றை ஒதுக்கிவிட்டுச் செல்வது நேர்மையன்று.

முதலாவது: இதையெல்லாம் வெளிப்படையாகப் பேசினால் வெட்கம் கெடும், தீய எண்ணம் வளரும் என்பர். அன்சாரிப் பெண்மணியான உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள், பெண்ணின் உடல் பற்றி இன்று தாயும் மகளும்கூடப் பேசத் தயங்கும் ஓர் ஐயத்தை நாயகம் (ஸல்) அவர்களிடமே நேரில் கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு விடையளித்தார்கள். அன்சாரிப் பெண்களுக்கு மார்க்கத்தைக் கற்பதில் நாணம் தடையாக நிற்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அவர்களைப் பாராட்டினார்கள். தீயதைச் செய்ய விடாமல் தடுப்பது ஹயா. நல்லதைக் கேட்க விடாமல் தடுப்பதற்கு அந்தப் பெயரைச் சூட்டுவது பொருந்தாது. சொல்லும் முறையில் கண்ணியம் வேண்டும் என்பதை ஒப்புகிறோம். சொல்லாதிருப்பதே கண்ணியம் என்பதை ஒப்ப இயலாது.

இரண்டாவது: இது பாவத்துக்குக் கிடைத்த தண்டனை, ஒழுக்கமாக வாழ்பவருக்கு இது ஏன் என்பர். ஒழுக்கமே தலைசிறந்த காவல் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் நம் நாட்டில் இந்நோய் கண்ட பெண்களுள் மிகப் பலர் தம் கணவரைத் தவிர வேறெவரையும் அறியாதவர்கள். கணவன் வழியாகவே அவர்களுக்கு நோய் வந்தது. கருவிலிருக்கும் சிசு எந்தப் பாவத்தைச் செய்தது? 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் நடந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கர்ப்பிணி ஒருவருக்குச் சோகை தீர ஏற்றிய இரத்தத்தில் இக்கிருமி இருந்தது. இரத்தம் கொடுத்தவர் ஓர் இளைஞர். வெளிநாட்டு வேலைக்காகச் சோதனை செய்தபோதுதான் தமக்குக் கிருமி இருப்பது அவருக்குத் தெரிந்தது. உடனே அவர் தாமாகவே சென்று, தாம் கொடுத்த இரத்தத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தார். அதற்குள் அது ஏற்றப்பட்டுவிட்டது. 2016இலேயே அவர் கொடுத்த இரத்தத்தில் கிருமி கண்டறியப்பட்டும் செய்தி அவரை எட்டவில்லை என்பது பின்னர் வெளியாயிற்று. மனமுடைந்த அந்த இளைஞர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அமானத்தை நிறைவேற்றியவர் அவர். அறிந்தும் அறிவிக்காத அமைப்பு ஒருபுறமும், நோயாளியைக் கண்டால் முகம் சுளிக்கும் சமுதாயம் மறுபுறமும் நிற்க, இடையில் ஓர் உயிர் போயிற்று. இதைத் தண்டனை என்று கூறுபவர் யாருக்கு யார் கொடுத்த தண்டனை என்று விளக்கட்டும்.

ஒருவர் பாவம் செய்தே நோயுற்றார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அவரை இழிவுபடுத்தும் அதிகாரம் நமக்கு எங்கிருந்து வந்தது? 1995இல் அபுதாபியில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகாடமி இப்பிரச்சினையை ஆராய்ந்தது. சாதாரணப் பழக்கத்தால் இந்நோய் பரவாதாகையால் நோயாளியை ஒதுக்கி வைப்பது மார்க்க அடிப்படையில் தேவையில்லை என்றும், வேண்டுமென்றே பிறருக்கு நோயைப் பரப்புவது ஹராம் என்றும் உலமாக்கள் முடிவு கூறினர். விலகுவதே பேணுதல் என்று நாம் திண்ணையில் கூறிய தீர்ப்புக்கு நேர்மாறானது இது. நாம் தேடிப் படித்திருந்தால் நமக்கும் தெரிந்திருக்கும்.

மூன்றாவது மறுப்பே கனமானது. அதை நம்மிடம் எழுப்பியவரும் அந்த அகதிப் பெண்தான். விடைபெறும்போது அவர் சொன்னார்: "எங்கட பெம்பிளையளுக்கு இப்ப தெரியும் ஐயா. தெரிஞ்சு என்ன செய்யிறது? புருசனிட்டக் கேக்க ஏலுமோ? சோதிச்சுக்கொண்டு வா எண்டு சொல்ல ஏலுமோ?" அறிவு இருந்தும் அதைப் பயன்படுத்தும் உரிமை இல்லாதபோது அந்த அறிவு ஒரு பாரமாகிவிடுகிறது. வர்ணம் பூசும் வேலைக்காக வெளியூர் சென்று வாரக்கணக்கில் தங்கிவரும் கணவர்கள் அம்முகாம்களில் பலர். அவர்களைக் குற்றவாளிகள் என்று சொல்ல நமக்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆண்டுக்கணக்கில் கடல் கடந்து வாழும் நம் ஆண்களைப் பற்றியும் அவ்வாறு சொல்ல மாட்டோம். நாம் சொல்வது வேறு. கேட்பதற்கு உரிமையற்றவரிடம் மட்டும் விழிப்புணர்வைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருப்பது, நீந்தத் தெரிந்தவளின் கைகளைக் கட்டி ஆற்றில் இறக்குவதற்கு ஒப்பாகும். பெண்களுக்குச் சொல்வது பாதி வேலை. ஆண்களுக்குச் சொல்வதே மீதி. அதுவே கடினமான பாதி.

ஆண்கள் கூடும் இடம் நம்மிடம் இருக்கிறது. வாரந்தோறும் கூடுகிறார்கள், அமைதியாக அமர்ந்து கேட்கிறார்கள். அந்த மிம்பரின் பொறுப்பு நம்மைப் போன்றவர்களிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. மனைவியின்மீது கணவனுக்குள்ள உரிமைகளை அங்கிருந்து எத்தனை முறை பேசியிருக்கிறோம்! தன் உடலின் நிலையை மனைவியிடமிருந்து மறைத்து அவளையும் பிள்ளையையும் அழிவில் தள்ளுவது மோசடி என்று எத்தனை முறை பேசினோம்? விற்கும் பொருளில் உள்ள குறையை மறைப்பது கூடாது என்று வியாபாரப் பாடத்தில் ஓதுகிறோம். ஒரு மூட்டை அரிசியில் உள்ள குறையைச் சொல்ல வேண்டும். ஓர் உயிரைப் பற்றிய குறையைச் சொல்ல வேண்டியதில்லையா?

இதோடு தொடர்புடைய மற்றொரு சிக்கலும் உண்டு. ஒருவருக்கு நோய் இருப்பது நமக்குத் தெரிந்தால் அதை மறைப்பதா, சொல்வதா? பிறர் குறையை மறைப்பவர் குறையை அல்லாஹ் மறைப்பான் என்பது ஒரு பக்கம். ஆபத்தை எச்சரிப்பது கடமை என்பது மறு பக்கம். புறம் பேசுவது அனுமதிக்கப்படும் இடங்களை இமாம் கஸ்ஸாலி, இமாம் நவவி போன்றோர் எண்ணிக் காட்டியிருக்கிறார்கள். எச்சரிக்கை செய்வது அவற்றுள் ஒன்று. ஆனால் அதற்கு எல்லை உண்டு: ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவரிடம் மட்டும், தேவையான அளவு மட்டும் சொல்ல வேண்டும். வியப்பு என்னவெனில், 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த நம் நாட்டு எச்.ஐ.வி. தடுப்புச் சட்டமும் ஏறத்தாழ இதே எல்லையையே வகுக்கிறது. ஒருவரின் இசைவின்றிச் சோதனை செய்யக் கூடாது. அவருடைய நிலையை ஊரார்க்கு வெளியிடக் கூடாது. நோயைக் காரணங்காட்டி வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது அச்சட்டம். துணைக்குச் செய்தி சொல்ல மருத்துவருக்கு வரையறைகளோடு வழி வைத்துள்ளது. நம் தெருவில் அந்தப் பெண்ணுக்கு நடந்ததோ, நோயே இல்லாதவருக்கு நோயின் பெயரால் இழைத்த அநீதி. பிக்ஹும் அதை ஏற்காது, சட்டமும் ஏற்காது.

இந்தியாவில் இக்கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே நம் தமிழகத்தில்தான். 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவியாயிருந்த டாக்டர் நிர்மலா, காப்பகத்தில் இருந்த பெண்களிடம் இரத்த மாதிரிகளைத் திரட்டினார். வேலூரில் நடந்த சோதனையில் ஆறு மாதிரிகளில் கிருமி இருப்பது தெரிந்தது. நாட்டையே விழிக்கச் செய்த அரிய பணி அது. எனினும் அது எதற்கான சோதனை என்பது அப்பெண்களுக்கு அன்று விளக்கப்படவில்லை. சொன்னாலும் அவர்களுக்குப் புரிந்திராது என்று கருதப்பட்டது. இசைவு பற்றிய சட்டம் பிறக்காத காலம் அது. குறை காண்பதற்காக நாம் இதைக் குறிப்பிடவில்லை. 'அவளுக்குச் சொல்லி என்ன புரியப் போகிறது' என்னும் எண்ணம் எத்துணை ஆழமாக நம் எல்லாரிடத்தும் வேரூன்றி இருக்கிறது என்பதைக் காட்டவே சொல்கிறோம். ஏழைப் பெண்ணின் இரத்தம் அறிவுக்குப் பயன்பட்டது. அறிவு அவளிடம் திரும்பி வர நெடுங்காலம் ஆயிற்று.

முகாம் பெண்ணுக்கு விழிப்புணர்வு தேவை என்று கூறிக்கொண்டிருந்தவர்கள் நாம். அவரோ நமக்கு முன்பே அறிந்திருந்தார். அறிந்ததைப் பிறருக்குச் சொல்லிக்கொண்டும் இருந்தார். அதற்கு நாம் தந்த கூலி, அவர் பிழைப்பில் மண். ஆலிம் என்னும் சொல்லுக்கு அறிந்தவர் என்று பொருள். அன்று அந்தத் தாழ்வாரத்தில் நின்ற இருவருள் அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்பதை நேயர்களின் தீர்ப்புக்கு விட்டுவிடுகிறோம்.

பின்பு நாம் செய்தது சிறிதே. மஸ்அலா கேட்டவரை மீண்டும் அழைத்து, நாம் சொன்னது தவறு என்று கூறினோம். அவரும் மனம் வருந்தி அந்தப் பெண்ணை மீண்டும் வேலைக்கு அழைத்தார். அவர் வரவில்லை, வேறிடத்தில் வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லி அனுப்பினார். மற்ற இரண்டு வீட்டாரும் இன்றுவரை நம் முதல் விடையைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தவறாகச் சொன்ன சொல் ஓடிய வேகத்தில், திருத்திச் சொன்ன சொல் ஓடுவதில்லை. இப்போது நிகாஹ்வுக்கு முன் நம்மிடம் வரும் மணமகனிடம், மஹரைப் பற்றிப் பேசும் அதே குரலில் இதைப் பற்றியும் பேசுகிறோம். கட்டாயப்படுத்துவதில்லை, நம்பிக்கை மையம் எங்கே இருக்கிறது என்று சொல்கிறோம், 1097 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் பெயர் சொல்லாமலே ஐயம் கேட்கலாம் என்றும் சொல்கிறோம். சிலர் முகம் சிவக்கிறார்கள். ஒருவர் நம்மிடம் சினந்துகொண்டு சென்றார். மற்றொருவர் மறுவாரம் தனியே வந்து, இன்னும் இரண்டு கேள்விகள் கேட்டார்.

மூத்த மாணவர்களுக்குத் தஹாரத் பாடம் முடிந்ததும் இப்பாடத்தையும் ஒரு நாள் நடத்துகிறோம். நமக்குத் தெரியாத இடத்தில் "தெரியாது, கேட்டுச் சொல்கிறோம்" என்று சொல்லவும் பழகி வருகிறோம். ஐம்பது வயதைக் கடந்த பின் கற்கத் தொடங்கிய பாடம் அது. வல்ல அல்லாஹ் நம் அறியாமையையும், அறிந்தும் வாய்மூடியிருந்த குற்றத்தையும் பொறுத்தருள்வானாக.